பழைய காரில் மீட்டர் முள் தப்பு காட்டுகிறதா? டேஷ்போர்டைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

பெட்ரோல் முள் படுத்துவிட்டால் பலரும் முதலில் கைவைப்பது மீட்டரில்தான். கடைசியாகத் தொட வேண்டியது அது. கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும் மீட்டர் லேசில் கெடாது. சேறும் தண்ணீரும் படும் இடத்தில் இருக்கும் எர்த் இணைப்புகள்தான் (கரண்ட் காரின் உலோக உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இடங்கள்) முதலில் போகும். அதனால் வெளியிலிருந்து உள்ளே போவோம்.

ஒரு மல்டிமீட்டர், ஸ்குரூடிரைவர், உப்புத்தாள், இரு முனையிலும் கிளிப் உள்ள வயர் போதும். டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விடும் ஒவ்வொரு முறையும் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள். ஆம்மீட்டர் (பேட்டரிக்குள் போகும், வெளியேறும் கரண்டைக் காட்டும் மீட்டர்) உள்ள காரில் இதை மறக்கவே கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் நீங்கலாக, கிட்டத்தட்ட மொத்தக் காரின் கரண்டும் அதன் வழியாகத்தான் போகிறது. பல கார்களில் நடுவே ஃபியூஸும் கிடையாது. ஸ்பேனர் தவறிப் பட்டால் வயர் எரிந்துவிடும்.

படி 1: எத்தனை முள் தப்பு காட்டுகிறது?

பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். எலக்ட்ரிக் மீட்டர்கள் எல்லாம் ஒன்றாகச் செத்திருந்தால் ஃபியூஸையும் இக்னிஷனிலிருந்து வரும் சப்ளையையும் பாருங்கள். பெட்ரோலும் டெம்பரேச்சரும் சேர்ந்தாற்போல் கூடவோ குறையவோ காட்டினால் படி 2. ஒன்றே ஒன்று மட்டும் என்றால், பெட்ரோல் முள்ளுக்கு நேராகப் படி 3, மற்றவற்றுக்குப் படி 4.

படி 2: வோல்டேஜ் ஸ்டெபிலைசர்

சாவியைத் திருப்பியதும் முள் மெதுவாக ஊர்ந்து ஏறுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் அது பைமெட்டல் மீட்டர், அதாவது இரு உலோகத் தகடு சூடாகி வளைந்து முள்ளை நகர்த்தும் ரகம். 1960களின் நடுவிலிருந்து வந்த பல பிரிட்டிஷ் கார்களில் இருக்கும் ஸ்மித்ஸ் மீட்டர்கள் இந்த ரகம். இவற்றுக்கு ஒரு சின்ன ஸ்டெபிலைசர் சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். உள்ளே ஒரு தகடு சூடாகி வளைந்து கரண்டைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி சேர்க்கும். அதனால் டிஜிட்டல் மல்டிமீட்டரில் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும், பயப்பட வேண்டாம். டெஸ்ட் பல்பை வைத்தால் விட்டு விட்டு எரியும்.

பல்பு விடாமல் எரிந்தால் ஸ்டெபிலைசரின் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். எர்த் போனால் தகடு சூடாகாது, தொடர்பும் துண்டிக்கப்படாது. பேட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டருக்குப் போய் இரண்டு முள்ளும் கூடுதலாகக் காட்டும். ஸ்குரூவைக் கழற்றி, அடியில் உள்ள துருவைத் தேய்த்து இறுக்கிப் பாருங்கள். புதிதாக எலக்ட்ரானிக் ரகம் வாங்கினால், கார் பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா (பேட்டரியின் எந்த முனை காரின் உடம்போடு இணைந்திருக்கிறது) என்று பார்த்து வாங்குங்கள்.

படி 3: பெட்ரோல் முள்

இக்னிஷனை அணைத்துவிட்டு டேங்க் யூனிட்டின் (பெட்ரோல் டேங்கில் மிதவையால் அளவை உணரும் கருவி) வயரைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டால் ஸ்மித்ஸ் ரகத்தில் முள் காலியில் நிற்க வேண்டும். சாவியை அணைத்து, வயரைச் சுத்தமான பாடி உலோகத்தில் கிளிப்பால் இணைத்து, மறுபடி சாவியைப் போடுங்கள். முள் ஏற வேண்டும். பாதியைத் தாண்டியதும் அணைத்துவிடுங்கள்; அதிக நேரம் விட்டால் மீட்டருக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) எரியலாம். இணைப்பதும் கழற்றுவதும் சாவி அணைந்திருக்கும்போதுதான். டேங்க் பக்கத்தில் ஒரு பொறி பறந்தாலும் ஆபத்து.

பழைய ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களில் இது தலைகீழ். அங்கே பல கார்களில் யூனிட்டின் மின்தடை காலிக்கு 0, முழுமைக்கு 90 ஓம். எனவே வயரைக் கழற்றினால் முள் நிறைந்த பக்கம் போகும், எர்த் செய்தால் காலிக்கு வரும்.

இரண்டு பக்கமும் முள் ஒழுங்காக நகர்ந்தால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன. இப்போது வயரைப் பழையபடி மாட்டிவிட்டு, யூனிட்டின் உடம்பிலிருந்து சேஸிஸுக்குக் கிளிப் வயர் போடுங்கள். முள் உயிர்பெற்றால் எர்த்தான் குற்றவாளி. பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்த கார்களில் இது சகஜம். பெயின்ட்டே எர்த்தைத் தடுத்துவிடும்.

அதற்கும் அசையவில்லையா? யூனிட்டை வெளியே எடுத்து, மிதவையை மெதுவாக உயர்த்தியபடி ஓம் பாருங்கள். எண் தாவாமல் சீராக மாற வேண்டும். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் ஓட்டை.

படி 4: மற்றவை

டெம்பரேச்சர் சென்சாருக்கும் இதே சோதனைதான். அதன் எர்த் மரை வழியாகவே போகிறது, அங்கே டெஃப்லான் டேப்பைச் சுற்றிவிடாதீர்கள். வயருக்குப் பதிலாக மெல்லிய செம்புக் குழாய் இருந்தால் அது வேறு ரகம். குழாயை வளைக்காமல் விட்டுவிடுங்கள்.

ஆயில் முள் பூஜ்ஜியம் காட்டினால் மீட்டரைக் குறை சொல்லும் முன் இன்ஜினை அணையுங்கள். வேறொரு நல்ல மீட்டரை மாட்டி அழுத்தத்தை உறுதிசெய்த பிறகே ஓட்டலாம்.

ஸ்பீடோமீட்டர் முள் நடுங்கினால் கேபிள் வறண்டிருக்கும், அல்லது எங்கோ மடங்கியிருக்கும். உள்கேபிளை உருவித் துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கம் ஒரு சாண் அளவுக்குத் தடவ வேண்டாம், கிரீஸ் மேலேறி மீட்டரைக் கெடுத்துவிடும். கிலோமீட்டர் எண் ஓடுகிறது, முள் மட்டும் அசையவில்லை என்றால் கேபிளில் குறையில்லை. அப்போது மீட்டரைக் கழற்றி, அதற்கென்றே இருக்கும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் மயிரிழை ஸ்பிரிங் வீட்டு ஸ்குரூடிரைவருக்குத் தாங்காது.