கன்டெய்னரில் சரக்கு இறக்கும் முறை: புதியவர்களுக்கு

கன்டெய்னரைச் சுமந்து நிற்கும் டிரெய்லர் அசையாமல் நிற்க வேண்டும் என்பதே முதல் வேலை. பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டிச் சாவியை வேலை முடியும்வரை கிடங்குப் பொறுப்பாளர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இழுவை வண்டி கழன்று போயிருந்தால், டிரெய்லரின் முன்பகுதிக்கு அடியில் தாங்கி கொடுக்காமல் ஃபோர்க்லிஃப்டை (முள்ளால் சரக்கைத் தூக்கும் வண்டி) உள்ளே ஏற்றக் கூடாது. ஃபோர்க்லிஃப்டின் எடை முன்சுவர்ப் பக்கம் சேரும்போது டிரெய்லர் குப்புறச் சாயக்கூடும்.

கதவைப் பூட்டியிருக்கும் சீலின் எண்ணைச் சரக்குப் பத்திரத்துடன் ஒப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு, நீளக் கைப்பிடியுள்ள போல்ட் கட்டரால் சீலை வெட்டுங்கள்.

அவசரப்படவே கூடாத இடம் கதவு. பூச்சிமருந்துப் புகை போட்டதற்கான மண்டையோட்டு எச்சரிக்கைத் தாள் கதவில் ஒட்டியிருந்தாலோ, காற்றுத் துளைகள் டேப்பால் அடைக்கப்பட்டிருந்தாலோ, பயிற்சி பெற்றவர் கருவியால் வாயுவை அளந்து சொல்லும்வரை திறக்கக் கூடாது. இப்படிப் புகை போடப் பயன்படும் மீதைல் புரோமைடு வாயு மணமே தெரியாமல் ஆளைத் தாக்கும் என்பதால் மூக்கை நம்புவது வீண். தாள் இல்லை என்பதும் வாயு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அதன்பின் இரு கதவுகளுக்கும் குறுக்கே பாதுகாப்புப் பட்டையைக் கட்டி, வலக்கதவை மட்டும், அதன் மறைவிலேயே நின்றுகொண்டு, ஒரு சாண் அளவு திறந்து பாருங்கள். கைப்பிடி வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தால், சரிந்த சரக்கு உள்ளிருந்து கதவைத் தள்ளுகிறது என்றே கொள்ள வேண்டும். பட்டையை அவிழ்க்காமல் மேற்பார்வையாளரை அழையுங்கள். சரிவு இல்லையென்றால் இரு கதவுகளையும் முழுக்கத் திறந்து, கொக்கியில் மாட்டி, உள்ளே காற்றோட விடுங்கள்.

அட்டைப்பெட்டிகளை மேலிருந்து படிக்கட்டுப்போல இறக்கி வர வேண்டும். அடிப்பெட்டியை உருவினால் சுவர்போல் நிற்கும் அடுக்கு முழுவதும் ஆளின் மேல் விழும். உயரத்துக்குப் பெட்டிகளின் மேல் ஏறாமல், அகலமான மேடைப்படியைப் பயன்படுத்துங்கள்.

வேகம் கூடுவது நடையைக் குறைப்பதால்தான். 40 அடிக் கன்டெய்னரின் உள்நீளம் ஏறக்குறைய 12 மீட்டர். கடைசி வரிசையை எட்டும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் போக வர 24 மீட்டர் நடக்க நேரிடும். ஆட்களைக் கூட்டுவதைவிட, நீட்டி மடக்கும் ரோலர் கன்வேயர் (பெட்டிகளை உருளைகளின் மேல் நகர்த்தும் தடம்) ஒன்றை வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். பேக்கிங் லிஸ்டைப் பார்த்து, ஒவ்வொரு ரகத்துக்கும் உரிய பேலட்டை (சரக்கை அடுக்கும் தட்டு) கன்வேயரின் முனையில் முன்கூட்டியே வைத்துவிட்டால், பெட்டியை இரண்டாம் முறை தூக்க வேண்டியிராது.

பேலட்டில் வரும் சரக்குக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதற்கு ஃபோர்க்லிஃப்ட்தான் ஏற்றது. ஆனால் சாதாரணக் கன்டெய்னரின் கதவு உயரம் 2.3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு; ஆகவே மாஸ்ட் (முள்ளைத் தாங்கும் செங்குத்துத் தூண்) மேலெழாமல் முள்ளை மட்டும் உயர்த்தக்கூடிய வகையாகத் தேர்ந்தெடுங்கள், இல்லையேல் இரண்டாம் அடுக்கை எடுக்கும்போது மாஸ்ட் கூரையில் இடிக்கும்.