முதலில் ஒழுக்கு, பிறகு ஒயர், கடைசியில் ரெக்ஸின்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் உட்புறத்தை வீட்டிலேயே சீரமைத்தல்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவர்களுக்கு முதலில் கை அரிப்பது சீட் உறையை மாற்றத்தான். பாளையங்கோட்டையில் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் சான் ஸ்டார்முக்கு நானும் அதையே செய்தேன். கோவாவில் தயாரான, இரண்டே இருக்கைகள் கொண்ட வண்டி அது. 1149 சிசி ரெனோ எஞ்சின், ஃபைபர் பாடி, துணிக் கூரை. ஆவணியில் சிவப்பு ரெக்ஸினில் புது உறை தைத்துப் போட்டேன். ஐப்பசி முடிவதற்குள் உறைக்கு அடியில் பூஞ்சணம் பூத்து, கதவைத் திறந்தாலே நனைந்த சாக்கு வாடை அடித்தது. தைத்தவர் மேல் குற்றமில்லை. கூரை ஒழுகுகிறதா என்று பாராமல் தைக்கக் கொடுத்த அவசரம் என்னுடையது. ஆடியில் தென்காசிப் பக்கம் போனால் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, மற்ற மாதங்களில் பிளாஸ்டிக்கையே வெடிக்க வைக்கும் வெயில் என்றிருக்கும் நம் பகுதியில், உள்வேலையைத் தண்ணீர் வரும் வழியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சோதனைக்கு இருவர் தேவை. ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, மற்றவர் தோட்டத்து ஹோஸ் குழாயால், வேகமாகப் பீய்ச்சாமல், மழை வழிவதுபோல் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலாகச் செல்வது முக்கியம்: முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கதவு ரப்பர், அடுத்து முன்கண்ணாடியின் விளிம்பு, கடைசியாகத் துணிக் கூரையும் அதன் தையல்களும். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது நிற்காமல் அடுத்த இடத்துக்கு நகர்ந்தால் எது ஒழுகியது என்பது தெரியாமல் போய்விடும். சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. துணியின் மூலையில் நுழைந்த நீர் கூரைச் சட்டத்தின் குழாய் வழியே ஓடி, ஒரு முழம் தள்ளி உங்கள் முழங்காலில் விழும். கதவு ரப்பரை மட்டும் தனியாகச் சோதிக்க எளிய வழி உண்டு. ரப்பரின் மேல் முகப்பவுடரை மெல்லப் பூசிக் கதவைச் சாத்தித் திறந்தால், எதிர்ச்சட்டத்தில் வெண்கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே ரப்பர் படியவில்லை என்று பொருள். திருநீறும் இதற்கு உதவும். வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பல்ல. தேய்ந்த ரப்பரை மாற்றிவிடுங்கள், வறண்டதற்குச் சிலிகான் கிரீஸ் போதும். எஞ்சின் ஆயில் ரப்பரை ஊதிப் பெருக்க வைக்கும். வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகால் துளைகளையும் பார்க்க வேண்டும். ஒரு பருவத்து வேப்பம்பூ அவற்றை அடைக்கப் போதும்.

கதவுப் பலகை உப்பி நெளிந்திருந்தால், குறை பலகையில் இல்லை. கண்ணாடி வழியே கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. அது அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும், பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒட்டிய பாலித்தீன் தாள் அதை உள்ளே விடாமல் காக்க வேண்டும். ஸ்பீக்கர் மாட்டியவர் யாரோ அந்தத் தாளைக் கிழித்து எறிந்திருப்பார். கெட்டியான பாலித்தீனை வெட்டி, பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) சுற்றிலும் ஒட்டி, தாளின் கீழ்முனை கதவுக்குள் திரும்பி விழும்படி செருகுங்கள். நைந்த ஹார்ட்போர்டுக்குப் பதிலாக 3 மி.மீ. பிவிசி ஷீட்டை அதே அளவில் வெட்டினால் அது தண்ணீருக்கு அஞ்சாது.

அடுத்தது ஒயரிங். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே டேஷ்போர்டுக்கு அடியில் கை வைக்க வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் மஞ்சள் உறையிட்ட இணைப்புகளை நீங்களாகத் தொடாமல் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். ஃபைபர் பாடி வண்டிகளில் பெரும்பாலான மின்கோளாறு எர்த்திலிருந்து, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியிலிருந்து வருகிறது. இரும்பு பாடியே எர்த்தாகப் பயன்படும் மற்ற வண்டிகளைப்போல அல்லாமல், ஃபைபரில் மின்சாரம் ஓடாது என்பதால், ஒவ்வொரு விளக்குக்கும் சேசிஸ் (வண்டியின் இரும்பு அடிச்சட்டம்) வரை திரும்பும் ஒயர் ஒன்று இருந்தாக வேண்டும். இண்டிகேட்டர் போட்டதும் மீட்டர் விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டினால், பல்புக்கு முன் எர்த்தைச் சந்தேகியுங்கள். பேட்டரியை மீண்டும் இணைத்து, விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்துப் பார்த்தால், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டும் இணைப்பு பழுதானது. நான் டேஷ்போர்டுக்குப் பின்னால் பித்தளை போல்ட் ஒன்றை வைத்து, எல்லா எர்த் ஒயர்களின் நுனியிலும் ரிங் லக் என்ற உலோக வளையம் போட்டு அதில் சேர்த்து, அங்கிருந்து தடித்த ஒயர் ஒன்றைச் சேசிஸுக்குக் கொண்டுபோனேன். பத்தாண்டுகளாக மங்கலாக இருந்த மீட்டர் அன்று இரவுதான் ஒழுங்காகத் தெரிந்தது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பை எங்கே கண்டாலும் வெட்டி எறியுங்கள்.

டேஷ்போர்டு விரிசல் அக்னி நட்சத்திரத்தின் கைவேலை. விரிசலின் முனையில் 2 மி.மீ. துளை ஒன்றைப் போட்டால் அது மேலும் ஓடாது. பின்புறத்தில் ஃபைபர் துணியை எபாக்சியில் நனைத்து ஒட்டி, முன்புறத்தை நிரப்பி, 120, 220, 400 என்ற வரிசையில் உப்புத்தாள் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமருக்கு மேல் மங்கலான கறுப்பு அடிக்கலாம். பளபளப்பு வேண்டாம், மதிய வெயிலில் அது முன்கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைப் பறிக்கும்.

இப்போது சீட்டுக்கு வரலாம். தண்டவாளத்தோடு சீட்டை இறக்கி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் உரித்து, ரெட் ஆக்சைடு பூசிக் காய்ந்தபின், நகரும் பகுதிக்குக் கிரீஸ் தடவுங்கள். பழைய உறையைப் பிடித்திழுக்காமல் கிளிப்புகளை ஒவ்வொன்றாக வெட்டி, தையலைப் பிரித்து, துண்டுகளுக்கு எண் எழுதி வைத்தால் அவையே புது உறைக்கு அளவுத்தாள் ஆகும். தையலை மட்டும் கடையில் கொடுப்பதே நல்லது, வீட்டு மெஷின் இரட்டை ரெக்ஸினில் ஊசியை முறித்துவிடும். அமுங்கிய ஸ்பஞ்சின் மேல் புது உறை ஒரு மாதத்தில் சுருங்கித் தொங்கும், ஆகவே ஸ்பஞ்சை முதலில் மாற்றுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மூழ்கிய வண்டிகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. சீட் தண்டவாளத்தின் பள்ளத்தில் விரலை விட்டு வண்டல் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் அந்த ஸ்பஞ்சை வெயிலில் காயவைக்கும் வீண்வேலை வேண்டாம், தூர எறிந்துவிடுங்கள்.

தரைக்குச் சணல் விரிப்பு கூடாது. அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். நீர் உறிஞ்சாத ஃபோம் ஷீட்டைக் கீழே பரப்பி, மேலே கார்ப்பெட் விரியுங்கள். பத்தமடைப் பாயைக் கதவுப் பலகையில் பதித்தால் அழகாக இருக்குமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அழகுதான், ஆனால் மூடிய காருக்குள் ஈரம் பட்டால் கோரை கறுத்துவிடும். கார்ப்பெட்டைப் பசையால் ஒட்டாமல் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்திருக்கிறேன். கார்த்திகை மழையில் ஊர் சுற்றி வந்த இரவு, நான்கு பட்டன்களைக் கழற்றினால் போதும், கார்ப்பெட் கொட்டகைக் கொடியில் காயும்.