சர்வருக்கு ஃபைல் ஏற்ற யாரையும் கெஞ்ச வேண்டாம்

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் இப்போது நிறைய பேர் வெப்சைட் வைத்திருக்கிறார்கள். ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவர்கள், கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கியவர்கள், கண்டாங்கிச் சேலை விற்பவர்கள் என்று. சைட்டைச் செய்து கொடுத்தவர் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார், நாலு படம் மாற்றவும் அவர் போனை எடுக்கும் வரை காத்துக் கிடக்க வேண்டும். இதை நீங்களே செய்துகொள்ளலாம்.

அவரிடமோ, உங்கள் சைட்டைத் தன் சர்வரில், அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனியிடமோ சர்வர் முகவரி, யூசர்நேம், பாஸ்வேர்டு, போர்ட் எண் இந்த நாலையும் கேட்டு வாங்குங்கள். போர்ட் என்பது சர்வருக்குள் நுழையும் வாசல் எண் மாதிரி. அது 21 என்றால் எஃப்டிபி, அதாவது ஃபைல் அனுப்பும் பழைய முறை, 22 என்றால் பெரும்பாலும் எஸ்எஃப்டிபி, எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் முறை. எஃப்டிபி 1971-லேயே வந்தது, சாதாரணமாக இணைந்தால் பாஸ்வேர்டைப் பூட்டாமல் அப்படியே அனுப்பும், பொது வைஃபையில் உட்கார்ந்து ஏற்றினால் நடுவில் இருப்பவன் படித்துவிடலாம். அதனால் எஸ்எஃப்டிபியே கேளுங்கள். இல்லை என்று சொன்னால் டிஎல்எஸ் என்ற பூட்டு சேர்த்த எஃப்டிபியாவது வேண்டும்.

ஃபைல் ஏற்ற ஃபைல்ஜில்லா என்ற மென்பொருள் போதும், அது இலவசம்தான். இன்ஸ்டால் செய்யும்போது வேறு ஏதாவது மென்பொருளையும் போடவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் ஃபைல் மெனுவில் சைட் மேனேஜர், அதில் நியூ சைட், புரோட்டோகாலில் எஸ்எஃப்டிபி, கையில் உள்ள விவரங்களை நிரப்பி கனெக்ட். முதல் தடவை சர்வரின் கைரேகை மாதிரி ஒரு நீளமான எழுத்துத் தொடரைக் காட்டி இந்தச் சர்வரை நம்பவா என்று கேட்கும், ஹோஸ்டிங்காரர்கள் தருவதோடு ஒப்பிட்டுவிட்டு சரி கொடுங்கள். பின்னொரு நாள் அதே சர்வருக்கு இந்தக் கைரேகைக்குரிய சாவி மாறிவிட்டது என்று எச்சரித்தால் மட்டும் அவசரப்பட்டு ஓகே அமுக்காமல் அவர்களிடம் விசாரியுங்கள்.

திரையில் இடப்பக்கம் உங்கள் கம்ப்யூட்டர், வலப்பக்கம் சர்வர். பல ஹோஸ்டிங்கில் சைட் முழுவதும் பப்ளிக் ஹெச்டிஎம்எல் (public_html) என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். எதையும் ஏற்றுவதற்கு முன்னால் நீங்கள் கைவைக்கப் போகும் ஃபோல்டரை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு இழுத்து ஒரு நகல் இறக்கி வையுங்கள். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் ஃபைல்ஜில்லாவில் மேலெழுதியதைத் திரும்பக் கொண்டுவர ‘அன்டூ’ கிடையாது.

இனி படம். ஒரு புது டைல் டிசைனை போனில் எடுத்தால் 4, 5 எம்பி வரும். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்தால் சில நூறு கேபிதான், பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பலர் மாட்டுவது ஃபைல் பெயரில். விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் ஓடும் சர்வருக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. கேமரா பெயரின் கடைசியில் வரும் ‘ஜேபிஜி’யைப் பெரிய எழுத்தில் (JPG) வைத்திருக்கும், உங்கள் வெப்சைட் பக்கத்தில் சின்ன எழுத்தில் (jpg) இருக்கும், வீட்டு விண்டோஸில் அழகாகத் தெரிந்த படம் சைட்டில் வெறும் கட்டமாக நிற்கும். ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், நடுவில் சிறு கோடு, இவ்வளவே போதும். இடைவெளி வேண்டாம்.

பாதியில் கரண்ட் போனால் பதறாதீர்கள். மறுபடி இணைத்து அதே ஃபைலை இழுத்தால், ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்கும், ‘ரெஸ்யூம்’ கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஃபைலை நடுவில் திருத்தியிருந்தால் மட்டும் ரெஸ்யூம் வேண்டாம், மேலெழுதச் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் சர்வரோடு தனியாகப் பேசி நேரத்தைத் தின்னும், ஜிப் செய்து ஒன்றாக ஏற்றி, ஹோஸ்டிங் கம்பெனி தரும் நிர்வாகப் பக்கமான பேனலில் பிரித்துக்கொள்வது வேகம்.

ஏற்றியும் பழைய படமே தெரிகிறதா? பிரௌசர் பழையதைச் சேமித்து வைத்திருக்கும், கண்ட்ரோலோடு எஃப்5 அழுத்துங்கள். 403 என்று பிழை வந்தால் அனுமதிச் சிக்கலாக இருக்கலாம். யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்லும் அனுமதி எண் பொதுவாக ஃபைலுக்கு 644, ஃபோல்டருக்கு 755. யாராவது 777 போடச் சொன்னால் காதில் வாங்காதீர்கள், அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் உங்கள் ஃபைலில் எழுதலாம் என்று நீங்களே கொடுக்கும் அனுமதி அது.