நிறுவி இடைநடுவில் நின்றால்: பழைய கணினியில் பைதானைக் கையால் நிறுவும் முறை

மல்லாவிப் பக்கத்திலிருந்து உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி, தமையனின் பழைய மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு சென்ற மாதம் என்னிடம் வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. "பைதான் ஏறவே மாட்டேன் என்கிறது, ரீச்சர். மூன்று தரம் தரவிறக்கிவிட்டேன், டேட்டா எல்லாம் முடிந்துவிட்டது" என்றாள். கணினியில் இருந்தது விண்டோஸ் 7. அவள் தரவிறக்கியிருந்தது பைதான் என்ற நிரலாக்க மொழியின் மிகப் புதிய பதிப்பு. முப்பது தரம் முயன்றாலும் அது அதில் ஏறாது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், நெடுங்கேணி என்று எங்கே போனாலும் இப்படியான கணினிகளைக் காண்கிறேன். யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்தவை, வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பியவை. நல்ல உழைப்பு உழைக்கக்கூடியவை. உயர்தரப் பாடத்துக்குத் தேவையான பைதான் நிரல்கள் அவற்றில் தாராளமாக ஓடும். ஏற்றும் வழி தெரியாததால் அவை அலுமாரிக்குள் கிடப்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நிறுவி, அதாவது நாம் இரட்டைக் கிளிக் செய்யும் செட்டப் கோப்பு, செய்கிற வேலை பெரிய இரகசியம் எதுவும் இல்லை. விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பார்க்கிறது. கோப்புகளை ஒரு கோப்புறைக்குள் விரித்து வைக்கிறது. அந்த இடம் எது என்று விண்டோஸுக்குச் சொல்லிவைக்கிறது. பைதானைப் பொறுத்தவரை இவற்றை நாமே கையால் செய்துவிடலாம்.

ஒரு குறிப்பு: தட்டச்சுச் செய்ய வேண்டிய சொற்களை நான் தமிழில் ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். நீங்கள் கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

படி 1: கணினியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்டார்ட் பட்டியலில் 'கம்ப்யூட்டர்' என்பதன்மேல் வலக் கிளிக் செய்து 'புரொப்பர்ட்டீஸ்' திறவுங்கள். மூன்று விடயங்களைக் கொப்பியில் எழுதுங்கள்: விண்டோஸ் பதிப்பு, அதன் கீழே 'சர்வீஸ் பாக் 1' (விண்டோஸுக்கான திருத்தத் தொகுப்பு) என்று இருக்கிறதா இல்லையா, 32 பிட்டா 64 பிட்டா.

விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பைதான் வரிசை 3.8. 2020 ஒக்டோபரில் வந்த 3.9 முதல் அந்த ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது. 3.8 வரிசையிலும் 2021 மே மாதம் வந்த 3.8.10தான் விண்டோஸுக்கென ஆயத்தமாகத் தரப்பட்ட கடைசிப் பதிப்பு. அதற்குப் பின் வந்த 3.8.11, 3.8.12 போன்றவை, நேரடியாக ஓட்ட முடியாத மூலநிரலாக மட்டுமே கிடைக்கும். ஆகவே பெரிய இலக்கத்தைத் தேடி அலையாமல் 3.8.10ஐ எடுங்கள்.

படி 2: பிழைச் செய்தியை மூடாமல் வாசியுங்கள்

செட்டப் தோற்றவுடன் அந்தச் சாளரத்தைப் பயத்தில் மூடிவிடுவதுதான் எல்லோரும் செய்கிற காரியம். மூட வேண்டாம். கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுங்கள். அதில் 'லொக் ஃபைல்' என்ற நீலச் சொல் இருந்தால் அதைக் கிளிக் செய்து, திறக்கும் கோப்பின் கடைசிப் பகுதியை வாசியுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

விண்டோஸ் 8.1 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று சொன்னால், நீங்கள் எடுத்தது 3.9 அல்லது அதைவிடப் புதியது. சர்வீஸ் பாக் 1 வேண்டும் என்று சொன்னால், முதலில் அதை ஏற்ற வேண்டும். அதற்குக் குறுக்கு வழி இல்லை. இணையத்தை அடைய முடியவில்லை என்று சொன்னால், உங்களிடம் இருப்பது 'வெப் இன்ஸ்டோலர்'. அது வெறும் தரகர். உண்மையான கோப்புகளை ஓடும்போதுதான் இணையத்திலிருந்து இழுக்கும். சிக்னல் வந்து வந்து போகிற இடத்தில் அது பாதியில் நின்றுவிடும்.

ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று தொடங்கும் நீளமான பெயருள்ள டிஎல்எல் கோப்பை (நிரல்கள் பாவிக்கும் துணைக் கோப்பு) காணவில்லை என்று வருவதும் உண்டு. அதற்குரிய மருந்து அடுத்த படியில் இருக்கிறது. இணையத்தில் எவரோ தனியாக ஏற்றிவைத்திருக்கும் டிஎல்எல் கோப்பை எடுத்து உள்ளே போடுவதை மட்டும் செய்யாதீர்கள். வைரஸ் நுழையும் வாசல் அது.

படி 3: விண்டோஸுக்கு இரண்டு திருத்தங்கள்

கையால் நிறுவினாலும் இந்தப் படியைத் தாண்ட முடியாது. பைதான் 3.8 ஓடுவதற்கு விண்டோஸ் 7இல் இரண்டு சிறிய திருத்தங்கள் வேண்டும். 'கேபி' என்பது மைக்ரோசாஃப்ட் தன் திருத்தங்களுக்கு இடும் இலக்கத்தின் முன்னெழுத்து. முதலாவது கேபி 2999226. மேலே சொன்ன சிஆர்டி கோப்புகளைத் தருவது இதுதான். இரண்டாவது, டிஎல்எல் கோப்புகளைப் பாதுகாப்பாகத் தேடும் வசதியைத் தருகிற கேபி 2533623. இதன் இடத்தைப் பின்னர் வந்த கேபி 3063858 எடுத்துக்கொண்டது, அதையே போடுங்கள். இது இல்லாத கணினியில் பைதான் திறந்தாலும் சில மொடியூல்களை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) அழைக்கும்போது 'டிஎல்எல் லோட் ஃபெயில்ட்' என்று நிற்கும்.

இரண்டையும் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் வேறு வேறு கோப்புகள். இங்கே உங்கள் விண்டோஸுக்கு உரியது வேண்டும். 'இந்தக் கணினிக்குப் பொருந்தாது' என்று வந்தால் பிட் மாறியிருக்கும், அல்லது அந்தத் திருத்தம் ஏற்கெனவே உள்ளே இருக்கும். போட்டபின் கணினியை ஒருமுறை அணைத்து இயக்குங்கள். இதற்கு நிர்வாகிக் கடவுச்சொல் தேவை. பாடசாலைக் கணினி என்றால் பொறுப்பான ஆசிரியரிடம் கேளுங்கள். இதன்பின் வரும் படிகளுக்குக் கடவுச்சொல் வேண்டியதில்லை.

படி 4: ஸிப்பை விரித்தல்

பைதானின் அதிகாரபூர்வத் தளத்தில் 3.8.10 பக்கத்தின் அடியில் ஒரு கோப்புப் பட்டியல் இருக்கிறது. அதில் 'எம்பெடபிள் பக்கேஜ்', 32 பிட் என்பதை எடுங்கள். நிறுவி இல்லாமல் ஸிப்பாகவே வரும் பைதான் இது. 32 பிட் பைதான் இரண்டு வகை விண்டோஸிலும் ஓடும். ஒரே பென் டிரைவில் கொண்டுபோய் ஊரில் உள்ள எல்லாக் கணினிகளிலும் போடலாம். முழு நிறுவி 27 எம்பி அளவு வரும், இது 8 எம்பிக்குள் அடங்கிவிடும். டேட்டாவை எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

டி டிரைவில் 'பை38' என்று ஆங்கில எழுத்தில் ஒரு கோப்புறை உருவாக்கி, ஸிப்பில் உள்ள அனைத்தையும் அதற்குள் விரியுங்கள். கோப்புறைப் பெயரில் இடைவெளி விடாதீர்கள். ஸிப்பைத் திறந்து அதற்குள்ளிருந்தே பைதானை ஓட்டிப் பார்ப்பது பிழை; கட்டாயம் வெளியே விரிக்க வேண்டும்.

இப்போது அந்தக் கோப்புறைக்குள் 'பைதான்38' என்று தொடங்கி அடிக்கோடும் 'பிடிஎச்' என்பதும் சேர்ந்து முடிகிற சிறிய கோப்பை நோட்பேடில் திறவுங்கள். கடைசி வரியில் 'இம்போர்ட் சைட்' என்பதற்கு முன்னால் ஒரு # குறி இருக்கும். அந்தக் குறியை மட்டும் அழித்துச் சேமியுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் 'எக்சிட்', 'ஹெல்ப்' போன்ற சாதாரணக் கட்டளைகள்கூட வேலை செய்யாது. புத்தகத்தில் உள்ளபடியே தட்டியும் பிழை வருகிறதே என்று பிள்ளைகள் கலங்கிப்போகிறார்கள்.

கோப்புறையில் உள்ள பைதான் கோப்பை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். கறுப்புச் சாளரத்தில் >>> என்று வந்தால் 2**10 என்று தட்டி என்டர் அழுத்துங்கள். 1024 என்று விடை வரும். மல்லாவிப் பிள்ளை அந்த எண்ணைக் கண்டதும் கதிரையிலிருந்து எழுந்துவிட்டாள்.

படி 5: இடத்தைச் சொல்லிவைத்தல்

மீண்டும் 'கம்ப்யூட்டர்', 'புரொப்பர்ட்டீஸ்', பின்பு இடப்பக்கத்தில் 'அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்', அதில் 'என்விரோன்மென்ட் வேரியபிள்ஸ்'. உங்கள் கணக்கில் நிர்வாகி உரிமை இல்லாவிட்டால் 'யூசர் அக்கவுன்ட்ஸ்' பகுதியில் உள்ள அதே பெயருடைய இணைப்பால் போங்கள். மேல் பெட்டி பயனருக்குரியது. அதில் மட்டும் கை வையுங்கள். நிரல்களை எங்கே தேடுவது என்று விண்டோஸுக்குச் சொல்வது 'பாத்' என்ற வரி. கீழ்ப் பெட்டியில் உள்ள 'பாத்' வரியைத் தவறுதலாக அழித்தால் வேறு மென்பொருள்களும் படுத்துவிடும்.

மேல் பெட்டியில் 'பாத்' இல்லையென்றால் 'நியூ' கொடுத்து அந்தப் பெயரில் உருவாக்கி, பைதான் கோப்புறையின் முகவரியை இடுங்கள். ஏற்கெனவே இருந்தால், உள்ளதை அழிக்காமல் அதன் இறுதியில் ஓர் அரைப்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் முகவரியைச் சேருங்கள். பிறகு திறக்கும் புதிய கட்டளைச் சாளரங்களில்தான் இது பலிக்கும்.

படி 6: முதல் நிரலை எழுதிச் சேமித்தல்

நோட்பேடில் சேமிக்கும்போது இரண்டு இடங்களைக் கவனியுங்கள். 'சேவ் ஆஸ் டைப்' என்பதில் 'ஆல் ஃபைல்ஸ்' தெரிவுசெய்து, பெயரின் முடிவில் புள்ளியும் 'பை' என்ற ஈரெழுத்தும் இடுங்கள். அல்லாவிட்டால் அது வெறும் உரைக் கோப்பாகவே கிடக்கும். நிரலுக்குள் தமிழ் எழுத்து இருந்தால் 'என்கோடிங்' என்பதை 'யூடிஎஃப்-8' ஆக மாற்றுங்கள். 'ஆன்சி' என்று விட்டுவிட்டால் உங்கள் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். பின்னர் மீட்க முடியாது.

நிரல் உள்ள கோப்புறையின் வெற்றிடத்தில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி வலக் கிளிக் செய்தால், கட்டளைச் சாளரத்தை அங்கேயே திறக்கும் வசதி வரும். அதில் 'பைதான்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

நீங்களே எழுதிய ஒரு கோப்பை இன்னொன்றிலிருந்து இம்போர்ட் செய்ய, அதாவது அழைத்துப் பாவிக்க, வேண்டிய நாள் வரும். இந்த ஸிப் வகைப் பைதான், நிரல் இருக்கும் கோப்புறையைத் தானாகத் தேடாது. படி 4இல் திருத்திய அதே சிறிய கோப்பில் உங்கள் கோப்புறையின் முழு முகவரியைத் தனி வரியாகச் சேர்த்தால் போதும்.

ஐடில் வேண்டும் என்பவர்களுக்கு

ஸிப் வகையில் நிரல் எழுதி ஓட்டும் சாளரமான ஐடில் இல்லை, கூடுதல் தொகுப்புகளை ஏற்றும் கருவியான பிப்பும் இல்லை. ஐடில் இல்லாமல் பழகுவது தொடக்கத்தில் கடினம்தான். அதற்கு எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று இருக்கிறது: 3.8.10இன் 32 பிட் முழு நிறுவி ஒழுங்காக ஓடும் வேறொரு கணினியைத் தேடுங்கள். அங்கே 'கஸ்டமைஸ் இன்ஸ்டலேஷன்' மூலம் எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய ஓர் இடத்தில் நிறுவி, அந்தக் கோப்புறையை முழுமையாகப் பென் டிரைவில் பிரதி எடுத்து வந்து டி டிரைவில் வையுங்கள். பைதான் தன் நூலகத்தைத் தன் பக்கத்திலேயே தேடிக்கொள்வதால் அப்படியே இயங்கும். படி 3 இதற்கும் கட்டாயம். படி 5இல் இந்தக் கோப்புறையின் முகவரியைக் கொடுங்கள்.

அதற்குள் 'லிப்', அதற்குள் 'ஐடில்லிப்' என்று போனால் 'ஐடில்' என்ற பட்ச் கோப்பு இருக்கும். இரட்டைக் கிளிக் செய்தால் ஐடில் திறக்கும். அதற்கு ஒரு ஷோர்ட்கட் எடுத்து டெஸ்க்டொப்பில் வைத்துவிடுங்கள். பிப்பை அதன் பெயரால் நேரடியாக அழைத்தால் பழைய கணினியின் முகவரியைத் தேடித் தடுமாறும். 'பைதான் -எம் பிப்' என்று அழையுங்கள்.

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. ஆகவே இந்தக் கணினியைப் படிப்புக்கு வைத்திருங்கள்; வங்கிக் கணக்கு, கடவுச்சொல் விடயங்களை இதில் செய்யாதீர்கள். வெளியே கொண்டுபோய் வந்த பென் டிரைவைச் சோதிக்காமல் செருகவும் வேண்டாம்.

பின்னொரு நாள் இந்தப் பைதான் வேண்டாம் என்றால் 'பை38' கோப்புறையை அழித்துவிட்டு, பாத்தில் நீங்கள் சேர்த்த முகவரியை மட்டும் எடுத்துவிடுங்கள். 'கன்ட்ரோல் பனல்' பட்டியலில் இதன் பெயரைத் தேட வேண்டாம். கையால் வைத்தது அங்கே பதிவாகியிருக்காது.