எண்டோதீலியத்தின் பிறப்பிடம்: பெயரை நம்பினால் வரும் தவறுகள்

ரத்தக்குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் ஒற்றை அடுக்குச் செல்கள்தான் எண்டோதீலியம். குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. எண்டோடெர்ம் என்ற சொல்லோடு இது ஒலிப்பில் ஒட்டிக்கொள்வதால், கருவின் அக அடுக்கிலிருந்து வந்தது என்று எழுதிவிடுகிறார்கள். குடலின் உட்பூச்சு அங்கிருந்து வந்ததுதானே, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்ற ஊகமும் கூடச் சேர்ந்துகொள்கிறது. உண்மையில் இது நடு அடுக்கான மீசோடெர்மின் பிள்ளை. அருகிலிருக்கும் அக அடுக்கு, குழாய் உருவாகச் சமிக்ஞை அனுப்பித் தூண்டுகிறது.

சரி, உட்பூச்சு மீசோடெர்ம் என்றால் சுவர் முழுவதும் மீசோடெர்ம்தானே? அதுவும் இல்லை. பெருந்தமனி வளைவின் தசைச் செல்களில் பெரும்பங்கு நரம்பு முகட்டிலிருந்து, அதாவது கருவின் புற அடுக்கில் தோன்றி இடம்பெயரும் செல்கூட்டத்திலிருந்து, வருபவை. சுவரையும் உட்பூச்சையும் பிரித்தே பேசுங்கள்.

இதயத்திலிருந்து மரம்போல் கிளைத்துத்தான் எல்லாக் குழாய்களும் வளர்கின்றன என்பது இன்னொரு தவறு. மனிதக் கருவில் மூன்றாம் வாரத்தில், இதயம் துடிக்கும் முன்பே, கரு உணவுப்பையின் சுவரில் ரத்தத் தீவுகள், அதாவது ரத்தச் செல்களும் குழாய்ச் செல்களும் உருவாகும் கொத்துகள், தோன்றுகின்றன. கருவின் உடலுக்குள்ளும், எண்டோதீலியமாக மாறவிருக்கும் ஆஞ்சியோபிளாஸ்ட் செல்கள் தனித்தனியாகத் தோன்றி, பிறகு கூடிக் குழாயாகின்றன. இது வாஸ்குலோஜெனிசிஸ். இருக்கும் குழாயிலிருந்து கிளை விடுவது ஆஞ்சியோஜெனிசிஸ். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ரத்தத்துக்கும் எண்டோதீலியத்துக்கும் உள்ள உறவு. 1995-இல், குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப் புரதத்தின் ஏற்பி (அதன் சமிக்ஞையைப் பெறும் புரதம்) ஒன்றை எலிகளில் நீக்கிப் பார்த்தபோது, கருவில் ரத்தத் தீவுகளும் உருவாகவில்லை, குழாய்களும் உருவாகவில்லை. அதனால் இரண்டுக்கும் ஹீமாஞ்சியோபிளாஸ்ட் என்ற ஒரே மூதாதைச் செல்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வளர்ப்புத் தட்டில் அப்படிப்பட்ட செல்லைக் காட்ட முடிந்திருக்கிறது. ஆனால் உயிருள்ள கருவில் எல்லா எண்டோதீலியமும் அப்படி வந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. கருவின் பெருந்தமனியின் வயிற்றுப்புறச் சுவரிலோ கதை வேறு திசையில் போகிறது. அங்கே ஏற்கெனவே எண்டோதீலியமாகிவிட்ட சில செல்கள் உருண்டு, சுவரைவிட்டு விலகி, எல்லா ரத்தச் செல்களுக்கும் மூலமான ரத்தத் தண்டுச் செல்களாகின்றன. 2010-இல் ஜீப்ரா மீன் கருக்களில் இதை நேரடியாகவே படம்பிடித்தார்கள். ரன்எக்ஸ்1 மரபணு இல்லாவிட்டால் இந்த மாற்றம் நடப்பதில்லை. எலும்பு மஜ்ஜைக்கு இச்செல்கள் பிற்பாடுதான் குடிபோகின்றன. ஆகவே எண்டோதீலியத்தை வெறும் குழாய்ப் பூச்சு என்று எழுதினால் பாதிக் கதை போய்விடும்.

அப்புறம், தமனியா சிரையா என்பதை ரத்த அழுத்தம் மட்டுமே தீர்மானிக்கிறது என்பார்கள். ரத்தம் ஓடத் தொடங்கும் முன்பே, எலிக் கருவின் தமனிச் செல்களில் எஃப்ரின்-பி2 புரதமும் சிரைச் செல்களில் அதன் ஏற்பியும் இருப்பது 1998-இல் தெரியவந்தது. ஓட்டம் பிறகு அந்த அடையாளத்தை மாற்றவும் கூடும்.