திண்ணையில் மாலை வகுப்பு தொடங்க

கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவப் பிள்ளைகளுக்கு என் வீட்டுத் திண்ணையில் பல வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். நீங்களும் தொடங்குவதாக இருந்தால் முதலில் வீட்டில் கேளுங்கள். என் மனைவி சரி என்ற பிறகுதான் பாய் விரித்தேன். சுண்டல் அவர் பொறுப்பு.

ஆறு மணி முதல் ஏழரை வரை போதும். பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம்.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளையிடம் பாடப்புத்தகத்தை நீட்டாதீர்கள். தெரிந்த சொல்லில் தொடங்குங்கள். நான் பலகையில் சங்கரா, வஞ்சிரம், நெத்திலி என்று எழுதுவேன். 'நெத்திலி'யை எழுத்துக்கூட்டியவனுக்கு அடுத்து 'புத்தகம்' எழுதிக் காட்டினால், அந்த 'த்' அவனுக்குப் பழகியிருக்கும். கணக்கும் அப்படித்தான். ஒரு கூடை மீன் 1,200 ரூபாய்க்கு ஏலம் போனால் நாலு பேருக்குப் பங்கு எவ்வளவு? விரல் விடாமல் 300 என்பார்கள். அதன்பிறகு வகுத்தலை எழுதச் சொல்லுங்கள்.

அப்பாக்களைப் பார்க்க நல்ல சமயம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை சீர்செய்யும் இடத்துக்கே போய் உட்காருங்கள். பிள்ளையின் குறையில் ஆரம்பிக்காதீர்கள். அவன் நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்லுங்கள்.

நோட்டுகளைத் தகரப் பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த 'தானே' புயலில் எங்கள் திண்ணை ஓடு பறந்து, அத்தனை நோட்டும் நனைந்தது. பிள்ளைகள் அழுததை நான் மறக்கவில்லை.

அப்புறம், ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் நீங்களே வீட்டுக்குப் போங்கள். ஆள் அனுப்பாதீர்கள்.