தார்ப் பாலைக்குக் கார்ப் பயணம்: சென்னை நண்பர்கள் வழக்கமாகக் கோட்டைவிடும் இடங்கள்

அகமதாபாத்தில் இறங்கி வேளாவதர் வெளிமான் பூங்கா, சின்ன ரண் உப்புச் சமவெளி, பார்மேர், ஜெய்சல்மேர் பாலைவனத் தேசியப் பூங்கா, கடைசியில் ஜோத்பூர். நாலு நண்பர்கள் எட்டு நாளில் நிதானமாகப் பார்த்துவிட்டு வரக்கூடிய வழி இது. இதில் பாதித் தவறுகள் வாட்ஸ்அப் குழுவில் தேதி குறிக்கும்போதே நடந்துவிடுகின்றன.

முதல் தவறு, மே மாதம். பிள்ளைகளுக்கு லீவு என்று கிளம்பிவிடுகிறார்கள். ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் நடுவே இருக்கும் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. இந்தியாவில் பதிவானதிலேயே அதிக வெப்பம் அதுதான். நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் காலம். அதிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தைத் தவிருங்கள். ஜெய்சல்மேர் பக்கத்து சாம் மணல்மேட்டுக் கூடாரங்கள் அப்போது யானை விலை, குதிரை விலை சொல்லும். பொங்கலை ஒட்டிப் போவது நல்லது. ஆனால் ஜனவரி 14, 15 இரண்டு நாளும் அகமதாபாத்தில் உத்தராயணப் பட்டத் திருவிழா. வானமெல்லாம் மாஞ்சா நூல். அன்று அங்கே பைக் வாடகைக்கு எடுத்து ஊர் சுற்ற வேண்டாம். மழைக்காலத்திலும் வேலை ஆகாது. வேளாவதரும் சின்ன ரண்ணும் ஜூன் நடுவில் மூடி அக்டோபர் நடுவில்தான் திறக்கும்.

இரண்டாவது, சென்னையிலிருந்தே காரில் போவது. ஜெய்சல்மேர் 2,200 கிலோமீட்டருக்கு மேல். ஒழுங்காகத் தூங்கி ஓட்டினால் போக நாலு நாள், வர நாலு நாள். பத்து நாள் லீவில் பாலைக்கு மிஞ்சுவது இரண்டே நாள். விமானத்திலோ ரயிலிலோ போய், அங்கே கார் எடுப்பதே புத்திசாலித்தனம். எடுக்கும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகைச் சொந்தக் காரைத் தெரிந்தவர் மூலம் மலிவாக வாடகைக்கு எடுத்தால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கை விரித்துவிடும். மாநிலம் தாண்டலாமா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், ஜோத்பூரில் விட்டுவிட்டு வந்தால் தனிக் கட்டணமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டயர்

வாடகைக் காரோ சொந்தக் காரோ, டயர் பட்டன் தேயவில்லை என்பதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவது பெரிய ஏமாற்றம். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் கிடந்தே வயசான டயர் பார்க்கப் புதுசு போலத்தான் இருக்கும். ரப்பர் உள்ளே இறுகிப்போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று உண்டு. 2320 என்றால் 2020ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் வேறு வண்டி கேளுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே சோதனை; அதில் காற்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போதுதான் காற்று அளக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஓடியபின் அளந்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடவே காட்டும். அதைப் பார்த்துப் பயந்து இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. காற்றுக் குறைந்த டயர்தான் அதிகம் மடங்கி, அதிகம் சூடாகி வெடிக்கும்.

சட்டை நனையவில்லை என்றால் வேர்க்கவில்லை என்று அர்த்தமில்லை

சென்னைவாசிக்கு வெயில் என்றால் புழுக்கம். சட்டை முதுகில் ஒட்டினால் தண்ணீர் குடிப்பான். தாரின் காற்று வறண்டது. வேர்வை தோலில் வந்தவுடனே ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும், தாகமும் தாமதமாகத்தான் எடுக்கும். மத்தியானம் தலைவலி வந்தபின்தான் விஷயம் புரியும். குளிர்காலத்திலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் வண்டியில் இருக்கட்டும். நாலு பேருக்கு நம் வீட்டுத் தண்ணி கேன் ஒன்று, அதாவது 20 லிட்டர். ஆனால் பெரிய கேனாக வேண்டாம், திறந்தபின் குலுங்கிக் கொட்டும். ஐந்து லிட்டர் ஜாடி நாலாக வாங்குங்கள். குடித்தது போதுமா என்பதற்குச் சிறுநீரின் நிறம்தான் அளவுகோல். அடர் மஞ்சள் என்றால் பற்றாது.

வேர்வையில் போன உப்பை ஈடுகட்டும் ஓஆர்எஸ் பொடியைக் கலப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கிக் குடித்தால் உப்பும் சர்க்கரையும் இரட்டிப்பாகி வயிற்றுப்போக்கு வரக்கூடும். பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் அளவுதான் கணக்கு.

இதே பாலையில் ஜனவரி இரவு ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும். மார்கழியில் 20 டிகிரிக்கே மப்ளர் கட்டும் நாம் ஒரே ஒரு ஹூடியோடு போனால் கூடாரத்தில் விடிய விடிய பல்லைக் கடிக்க வேண்டியதுதான். தெர்மல் உள்ளாடை, காதை மூடும் குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ் கட்டாயம்.

மணலில் சிக்கினால்

கார் சிக்குவது மணல்மேட்டில் என்று நினைக்கிறோம். அங்கே யாரும் காரை ஏற்றுவதில்லை, ஏற்றவும் கூடாது. சிக்குவது ரோட்டோரத்தில். உள் ரோடுகளில் ஒரு வண்டி போகும் அகலத்துக்குத்தான் தார் இருக்கும். எதிரே லாரி வந்தால் இடது சக்கரங்களை ஓரம் இறக்குவோம். நம் ஊர் ஓரம் செம்மண்ணோ சரளையோ, தாங்கும். அங்கே மாவு போன்ற மணல். சக்கரம் இறங்கியதும் பதறி ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுதான் தவறு. ஒவ்வொரு சுழற்சியிலும் சக்கரம் தனக்கே குழி தோண்டும். பத்து விநாடியில் வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். அதன்பின் டிராக்டர்தான்.

செய்ய வேண்டியது இது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு எல்லோரும் இறங்குங்கள். குனிந்து அடியில் பாருங்கள். அடிப்பாகம் மணலைத் தொட்டால் முதலில் தட்டாலோ கையாலோ அங்கே வாருங்கள். பிறகு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சரிவாக வாரி வழி செய்யுங்கள். பெரும்பாலான கார்களில் முன்சக்கரங்கள்தான் இழுக்கும். அவற்றில் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். டயர் தட்டையாகி மணலில் அகலமாகப் படியும். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் இருந்தால் அணைத்துவிடுங்கள். முன்னே தாவப் பார்க்காமல், வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். அந்த மணல் ஏற்கனவே அமுங்கியிருக்கிறது. கிளட்சை மெல்ல விடுங்கள், மற்றவர்கள் முன்னாலிருந்து தள்ளட்டும். அசையவில்லை என்றால் ஃப்ளோர் மேட்டைச் சக்கரத்தடியில் செருகலாம். அப்போது சக்கரத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, மேட் பறந்து வந்து அடிக்கும்.

ரோட்டுக்கு வந்ததும் காற்றை நிரப்பாமல் வேகம் எடுக்க வேண்டாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று இதற்காகவே வண்டியில் இருக்க வேண்டும். யாராவது இழுத்துவிட வந்தால் கயிறு மாட்டும் கொக்கி எங்கே? பல கார்களில் அது ஸ்டெப்னியோடு இருக்கும் டூல் பையில் கிடக்கும். பம்பர் மூடியைத் திறந்து திருகி மாட்ட வேண்டும். அது இல்லாமல் சஸ்பென்ஷன் கையில் கயிறு கட்டி இழுத்தால் வீல் அலைன்மென்ட் போகும், செலவு நம் தலையில்.

சின்ன ரண் வேறு விதமான பொறி. மேலே வெள்ளையாக, வெடித்துக் காய்ந்த உப்புப் பொருக்கு. கிரிக்கெட் ஆடலாம் போலிருக்கும். பொருக்கின் கனம் சில இடத்தில் விரலளவுதான். கீழே கறுப்புச் சேறு. மரமோ மேடோ இல்லாத சமவெளி என்பதால் திசையும் குழம்பும், கானல்நீர் ஏரி போல நிற்கும். சொந்தமாகக் காரை இறக்க வேண்டாம். பஜானா போன்ற நுழைவிடங்களில் அனுமதிச் சீட்டு வாங்கி, உள்ளூர் வழிகாட்டியின் ஜீப்பில் போங்கள். காட்டுக்கழுதைக் கூட்டம் ஓடினால் ஜீப்பைக் கூடவே விரட்டச் சொல்லி வீடியோ எடுக்கும் வழக்கம் அசிங்கமானது.

பூங்காவைப் பார்க்காமலே திரும்புவது

சாம் மணல்மேட்டில் ஒட்டகம் ஏறி, இரவில் டிஜே கேட்டுவிட்டு, பாலைவனத் தேசியப் பூங்காவைப் பார்த்தாயிற்று என்று திரும்புகிறவர்களே அதிகம். 3,162 சதுர கிலோமீட்டர் பூங்கா அது. கானமயில் என்ற அரிய பெரும்பறவையைப் பார்க்கச் சரியான இடம் சுதாசரி வேலியடைப்புப் பகுதி. ஜெய்சல்மேரிலுள்ள பூங்கா அலுவலகத்தில் முதல் நாளே அனுமதி கேட்டுவிடுங்கள். உலகில் மிஞ்சியிருக்கும் கானமயில்கள் 150 அளவில்தான். அது தரையில்தான் முட்டையிடும், பெரும்பாலும் ஒன்றே ஒன்று. தடத்தை விட்டு ஜீப்பை ஏற்றக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? பைனாகுலர் இல்லாமல் போனால் தூரத்தில் ஒரு புள்ளிதான் தெரியும். வேளாவதரில் அந்தச் சிக்கல் குறைவு. கிண்டிப் பூங்காவில் வெளிமானைக் கண்டவர்களுக்கு, அதே மான் திறந்த புல்வெளியில் மந்தையாகத் துள்ளுவது வேறு காட்சி.

சென்னைக் கடிகாரத்தில் அலாரம் வைக்காதீர்கள். ஜனவரியில் ஜெய்சல்மேரில் சூரியன் உதிக்க ஏழரை ஆகும், சென்னையைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் கும்மிருட்டில் ஓட்டுவீர்கள். இருட்டில் ரோட்டில் மாடு, நீலகாய் மான், ஒட்டகம் எல்லாம் நிற்கும். ஒட்டகம் மற்றவற்றைவிட மோசம். பம்பர் அதன் நீண்ட காலைத் தட்ட, உடல் முழுக்க கண்ணாடி மேல் விழும். மாலை ஆறுக்குள் அறைக்குப் போய்விடுங்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கும் முன் நிரப்புங்கள். மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். நெட்வொர்க் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது, சில்லறை நோட்டு வேண்டும்.

இனி சட்டம். குஜராத்தில் மதுவிலக்கு. ராஜஸ்தானிலோ டாமனிலோ வாங்கிய பாட்டில் டிக்கியில் கிடந்தால், கைதோடு காரும் பறிபோகலாம். வாடகைக் கார் என்றால் கதை இன்னும் நீளும். வெளிமாநிலத்தவருக்கு அனுமதிச் சீட்டு உண்டு, அது வெளியே வாங்கிய பாட்டிலுக்குச் செல்லாது. அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் மலையேற்றத்துக்கு வாங்கிய சாட்டிலைட் போனையோ மெசேஜ் கருவியையோ கொண்டுவந்தால் சென்னையிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் அவற்றை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். பாகிஸ்தான் எல்லை மாவட்டத்தில் கேள்வியும் கடுமையாக வரும். டிரோனையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எல்லையோரத் தனோட் கோயில் பக்கம் போக முன்அனுமதி வாங்க வேண்டும்.

அத்தனையும் மீறிச் சொந்தக் காரிலேயே போய் வந்தவர்கள், திரும்பியதும் ஏர் ஃபில்டரையும் ஏசி ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். உதறினால் போதும் என்று மெக்கானிக் சொன்னாலும் மாற்றிவிடுங்கள். ரண் பக்கம் போயிருந்தால் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அழுத்தமாகக் கழுவச் சொல்லுங்கள். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று கடலோரப் பெசன்ட் நகர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.